இடது ஒக்கல்

எலும்பு பொய் சொல்லாது என்று மூட்டு மையத்தின் வாசலில் நீல எழுத்தில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு ஊர்களில் இருந்த முப்பத்தெட்டு மையங்களிலும் அதே வாசகம்தான். எழுதிக் கொடுத்தவள் நான். எழுதிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே நான் என் பொய்யைச் சொல்லி முடித்திருந்தேன்.

நான் அதை எழுதியது, மனிதர்கள் புது மூட்டு வளர்க்கக் கற்றுக்கொண்ட ஏழாவது வருடம். காதுமடலிலிருந்து கடுகளவு குருத்தெலும்பை எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால், பதினோரு வாரத்தில் அவரவர் முழங்கால் அவரவருக்கு வளர்ந்து வந்தது. தொட்டிகள் குறைவு. தேய்ந்த முழங்கால்கள் ஏராளம். அதனால் அரசாங்கம் ஒரு விதி போட்டது. உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு முதலில். பிறவிக் கோளாறால் தேய்ந்தவர்களுக்குப் பிறகு. அந்தப் ‘பிறகு’ எப்போது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

விதி நியாயமானதுதான். ஆனால் யார் உழைத்தவர், யார் உழைக்காதவர் என்று எப்படித் தெரியும்? முப்பது வருடம் மூட்டை தூக்கியவரிடம் மூட்டை தூக்கியதற்கு ஒரு சீட்டுகூட இருப்பதில்லை. ஆகவே காகிதத்தைக் கேட்காமல் எலும்பைக் கேட்பது என்று முடிவானது. எலும்பின் உள்ளே மரத்தில் இருப்பதுபோல் இழைகள் ஓடுகின்றன. எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் இறங்கியது, எந்த வயதில் இறங்கியது என்பதை அந்த இழைகளின் போக்கிலிருந்து படித்துச் சொல்லும் இயந்திரம் ஒன்றை நாங்கள் நான்கு பேர் சென்னையில் ஒரு பேராசிரியரின் கீழ் செய்தோம். வாசிப்பான் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்தோம். மக்கள் அதை எலும்பு ஜோசியம் என்றார்கள்.

என் பெயர் தயாமலர். தூத்துக்குடி மையத்தின் வாசிப்பு அதிகாரி. நான் பிறந்த ஊரும் அதுதான். மையத்தில் அது யாருக்கும் தெரியாது. மாற்றல் உத்தரவு வந்தபோது மறுக்கக் காரணம் தேடினேன். நான் அந்த ஊர்க்காரி என்பதே காரணம் என்று எழுத முடியாமல் வந்து சேர்ந்தேன். சென்னைத் தமிழில் பேசினேன்.

முத்துப்பேச்சி மூன்றாவது முறையாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நாற்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதிலிருந்து உப்பளத்தில் வேலை. கடல் ஏறி அவர்கள் தெருவை எடுத்துக்கொண்ட பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் மூன்றாம் மாடி. லிஃப்ட் நின்று நாலு வருடமாயிற்று. கீழே இறங்கிவிட்டால் மறுபடி ஏற இரண்டு ஆள் வேண்டும். இதற்கு முன் அவர் தெருவைப் பார்த்தது ஏழு மாதத்துக்கு முன்பு, இரண்டாவது முறை இங்கே வந்தபோது. மூன்று முறை நிராகரிக்கப்பட்டால் கோப்பு மூடப்படும் என்பது விதி. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் உள்ளே வந்தபோது நான் எடைப் பொம்மையை இயந்திரத்திலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் வாசிப்பானைச் சரிபார்க்க மணல் நிரப்பிய ஒரு பொம்மை உண்டு. பன்னிரண்டு கிலோ, இரண்டு வயதுப் பிள்ளையின் அளவு. முகம் கிடையாது. நான் எப்போதும் இரண்டு கைகளாலும் முன்னால் பிடித்துத்தான் அதைத் தூக்குவேன், நிறைந்த பானையைக் கொண்டுபோகிறவள்போல.

இயந்திரத்தை இயக்கும் மீரான், முத்துப்பேச்சியைப் படுக்கையில் படுக்க வைத்தான். காயல்பட்டினத்துக்காரன், கேலி பேசாமல் அவனுக்கு வேலை ஓடாது. போன தடவை வந்தபோது இருந்ததைவிட அக்கா மெலிந்துவிட்டீர்களே, மாடியிலேயே இருந்தால் வெயில்தான் இல்லை, சோறுமா இல்லை என்று கேட்டான். சோறு இருக்கிறது, அதைக் கீழேயிருந்து கொண்டுவருகிற பக்கத்து வீட்டுக்காரி பாதியை வழியிலேயே தின்றுவிடுகிறாள் என்றார் அவர். அறையில் எல்லோரும் சிரித்தோம்.

வாசிப்பான் மெல்ல ஊர்ந்தபோது அவர் கூரையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

“எலும்புங்கது கல்லு மாதிரி கெடக்க சாமானம்லாம்மா. அதுல போயி எப்படி எழுதியிருக்கும்?”

இதைப் பலரிடம் விளக்கியிருக்கிறேன். எனக்குப் பிடித்த வேலையே அதுதான்.

“கல் இல்லம்மா. எலும்பு ஒரு ஊர் மாதிரி. உள்ள ரெண்டு கூட்டம் வேலை செய்யுது. ஒரு கூட்டம் இடிச்சிட்டே போகும், பின்னாலேயே இன்னொரு கூட்டம் கட்டிட்டே வரும். பத்து வருஷத்துல ஊர் முழுக்கப் புதுசாயிடும். எந்தத் தெருவுல நிறைய பாரம் வருதோ, அங்க சுவரைக் கெட்டியா கட்டுவாங்க. பாரம் இல்லாத தெருவை விட்டுடுவாங்க. அதனால ஊரைப் பார்த்தாலே எந்த வழியா வண்டி போச்சுன்னு தெரிஞ்சிடும்.”

“சின்ன வயசுல போன வண்டி?”

“அதுவும்தான். வளர்ற வயசுல ஊரோட அமைப்பையே அது மாத்திடும். அப்புறம் எத்தனை தடவை இடிச்சுக் கட்டினாலும் தெரு அதே வளைவுலதான் போகும்.”

அவர் சற்று யோசித்தார். “என் முட்டுல கெட்டுறவன் செத்துட்டாம்போல. இடிக்குறவந்தான் இருக்கான்,” என்றார்.

திரையில் அவருடைய இடுப்பெலும்பு தெரிந்தது. ஒரு கிண்ணம்போல், அதன் இரண்டு பக்கத்திலும் தொடை எலும்பின் உருண்டைத் தலைகள் பொருந்தியிருந்தன. இடது பக்கக் கிண்ணம் கொஞ்சம் உயர்ந்து வெளியே தள்ளியிருந்தது. முதுகெலும்பு வலது பக்கமாக மெல்ல வளைந்து திரும்பி வந்தது, ஆறு ஒரு மேட்டைச் சுற்றிப் போவதுபோல. இடது முழங்காலில் குருத்தெலும்பு இல்லை. எலும்பின்மேல் எலும்பு நின்றது.

இயந்திரம் அங்கேயே நின்றுவிட்டது. பிறவிக் கோணல். வாசிப்பு நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில் அது எப்போதும் நிற்கும். கோணல் என்று கண்டால் மேற்கொண்டு படிக்காது. முப்பத்தைந்து வருடம் தலையில் உப்புக்கூடை சுமந்த கழுத்தை அது பார்க்கவேயில்லை. இடுப்புப் பிறவியிலேயே கோணல், ஆகவே முழங்கால் தேய்ந்தது, ஆகவே இது உழைப்புத் தேய்மானம் இல்லை. அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களை மையத்தில் கோணல் கேஸ் என்போம். மீரான் மாலையில் எண்ணிச் சொல்வான். எல்லாம் பெண்கள். ஒரு ஆண்கூட வந்ததில்லை.

நான் அவரிடம் சொன்னேன். சொல்வதற்குப் பழகியிருந்தேன். உங்கள் உழைப்பை யாரும் மறுக்கவில்லை, ஆனால் உங்கள் முழங்கால் வலிக்குக் காரணம் பிறக்கும்போதே இருந்த ஒரு சாய்வு.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“பெறக்கும்போது நா நேராத்தான் இருந்தேன்னு எங்க அம்மை சொல்லுவா. எனக்குக் கீழ நாலு பேரு. அம்மை அளத்துக்குப் போயிருவா. காலைல ஒண்ண எறக்கி ஒண்ண ஏத்துவேன். அது முடிஞ்சா தண்ணிக் கொடம். என் ஒக்கல் சும்மா இருந்ததா எனக்கு ஞாவகமே இல்ல.”

ஒக்கல் என்றால் இடுப்பு, பிள்ளையை உட்கார வைக்கிற இடம். அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. சென்னையில் அப்படி யாரும் சொல்வதில்லை. நான் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். இயந்திரம் சொல்வதைத்தான் நான் சொல்ல முடியும் என்றேன்.

அவர் படுக்கையிலிருந்து இறங்கினார். உட்காருவதற்கு நாற்காலியில் இடமில்லை, பொம்மை இருந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்தார். எடுத்ததை இடது இடுப்பில் வைத்தார். யோசித்துச் செய்ததல்ல. கைகள் செய்தன. இடுப்பு வெளியே தள்ளி ஒரு பலகையாக நின்றது, முதுகு வலது பக்கம் சாய்ந்தது, இடது கால் ஊன்றி முழு உடம்பையும் வாங்கிக்கொண்டது. திரையில் இருந்த வளைவு, அணு அளவும் மாறாமல், அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வலியில் அவர் உதட்டைக் கடித்தார். ஆனாலும் பொம்மையை இறக்கவில்லை. அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

மீரான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இதத் தூக்குறதுக்கு நீங்க ரெண்டு கையயும் முன்னால வச்சு அவ்வளவு பாடுபடுதீயளே,” என்றார் முத்துப்பேச்சி. “நீங்களும் ஒக்கல்ல பிள்ள தூக்கி வளந்தவதானம்மா. நடந்து வரும்போதே பாத்தேன்.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஒரே தெருக்காரியிடம் பேசுவதுபோல் இருந்தது.

“இல்ல,” என்றேன். “நான் சின்ன வயசுல பேட்மிண்டன் ஆடினேன். அதனால ஒரு பக்கம் லேசா சாய்வு இருக்கும்.”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

“அப்படியாம்மா. சரி.”

பொம்மையை மறுபடி நாற்காலியிலேயே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் கோப்பில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது நிராகரிப்பு. கோப்பு மூடப்பட்டது. கீழே என் முழுப்பெயர், பட்டம், தேதி.

அந்தப் பேட்மிண்டன் எட்டு வருடம் பழையது.

வாசிப்பான் எதையும் தானாகப் படித்துவிடாது. இப்படி இருந்தால் மூட்டை தூக்கியவர், இப்படி இருந்தால் தறி நெய்தவர் என்று முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காகப் பதினோராயிரம் பேரின் எலும்புகளைப் படமெடுத்து ஒரு தொகுப்பு வைத்திருந்தோம். அதில் சேராதவற்றை நீக்கிச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. அப்போதுதான் அந்தக் கூட்டம் தனியே வந்து நின்றது. ஆயிரத்து முந்நூறு பேர். எல்லோருக்கும் ஒரே சாய்வு, பெரும்பாலும் இடது பக்கம். எல்லோரும் பெண்கள். இது என்ன நோய் என்று பேராசிரியருக்குப் புரியவில்லை. என்னோடு வேலை செய்த மூன்று பேருக்கும் புரியவில்லை. அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தள்ளுவண்டி இருந்தது.

எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது. திரையிலிருந்து ஒரு தெரு முழுக்க எழுந்து வந்ததுபோல் இருந்தது. பம்படியில் வரிசையில் நிற்கும் சிறுமிகள், ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிள்ளை, கையில் குடம். நான் வாயைத் திறந்தேன்.

ஆனால் அதற்கு முந்தின நாள்தான் இயந்திரத்தைப் பழக்க எங்கள் நான்கு பேரையும் படமெடுத்திருந்தார்கள். என் படத்திலும் அதே சாய்வு. இது ஏன் என்று ஒருவன் கேட்டான். அவனிடம் நான் என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர் என்றும், சிறு வயதிலிருந்தே பேட்மிண்டன் ஆடுவேன் என்றும் சொல்லியிருந்தேன். என் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவள். அப்பா எனக்கு ஞாபகமே இல்லை. பேட்மிண்டன் மட்டையை நான் முதலில் தொட்டது அந்த வருடப் பிறந்தநாளில், அந்த மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒன்றை வாங்கித் தந்தபோது. அது இன்னும் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கயிறுகூடத் தளரவில்லை.

ஆகவே பேராசிரியர் கேட்டபோது, பிறவிக் கோணலாக இருக்கலாம் சார் என்றேன். பெண்களுக்கு மட்டும் வருகிற பிறவிக் கோணலா என்று அவர் கேட்டார். பெண்களின் இடுப்பெலும்பு அமைப்பே வேறுதானே என்றேன். அந்த அறையில் ஒரே பெண் நான். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் ஒத்துக்கொண்டார். ஆயிரத்து முந்நூறு பேரையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, கோணல் என்று கண்டால் நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன். சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஊர்களில் நாற்பதாயிரம் பெண்களுக்கு மேல் அந்த வரியில் வந்து நின்றிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் மறந்திருந்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

முத்துப்பேச்சி போன பிறகு மீரான் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுவே மோசமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அவன் கோணல் கேஸ்களை எண்ணிச் சொல்லவுமில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்றான்.

“மேடம், எங்க உம்மாவும் அப்படித்தான் நிப்பாங்க. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கேன். எனக்கும் ஓடல பாத்தீங்களா,” என்றான்.

அவனுக்கு ஓடவில்லை. எனக்கு ஓடியது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மையத்தைத் திறந்து நான் தனியே உட்கார்ந்தேன். நீக்கிய படங்களைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவை இல்லை. பயன்படாத உடல் படங்களை ஐந்து வருடத்தில் அழிக்க வேண்டும் என்பது சட்டம். பாதியில் நிறுத்திய வாசிப்புகளை இயந்திரம் வைத்துக்கொள்வதில்லை; அதன் நினைவில் சாய்ந்த இடுப்பு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. என்னுடையது. ஊழியர்களின் படங்களை அழிப்பதில்லை. அதன் கீழே காரணம் என்ற கட்டத்தில் பேட்மிண்டன் என்று இருந்தது.

அந்தக் கட்டத்தைத் திருத்தினால் போதும். சுமந்து சாய்ந்தது என்ற காரணத்தோடு ஒரு உடம்பு இருந்தால்கூட, நிறுத்து என்ற வரி தானாகக் கேள் என்று மாறிவிடும். பிறகு முப்பத்தெட்டு மையங்களிலும் சாய்ந்த இடுப்போடு வருகிறவளிடம் எதைச் சுமந்தாய் என்று கேட்பார்கள். ஆனால் திருத்துகிறவர் ஏன் திருத்துகிறார் என்று எழுத வேண்டும். அந்தக் காரணமும் பெயரோடு முப்பத்தெட்டு மையங்களுக்கும் போகும். என் பேராசிரியருக்கும், அந்த மூன்று பேருக்கும் போகும். மீரானுக்கும்.

வேறு வழியில் திருத்த முடியுமா என்று பார்த்தேன். ஒரு மணி நேரம் போனபின்தான் தெரிந்தது, நான் தேடிக்கொண்டிருந்தது முத்துப்பேச்சிக்கான வழி அல்ல, எனக்கான வழி.

எழுதினேன். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய் என்று எழுதினேன். பிறகு படிவத்தை நிரப்பினேன். எதைச் சுமந்தாய்: தம்பியை. எந்தப் பக்கம்: இடது. எந்த வயது முதல் எந்த வயது வரை: ஆறு முதல் பத்து.

இயந்திரம் என் எலும்பை மறுபடி ஒருமுறை படித்தது. அறிவிப்பு பொருந்தவில்லை என்றது. சுமை ஆறு வயதில் தொடங்கி எட்டு வயதில் நிற்கிறது.

தவறாகப் படித்துவிட்டது என்று நினைத்தேன். மீண்டும் ஓட்டினேன். எட்டு. மூன்றாம் முறையும் எட்டு. எனக்குக் கோபம் வந்தது. தம்பி எட்வின் நாலு வயதுவரை இடுப்பை விட்டு இறங்கமாட்டான். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் உட்கார்ந்தபடி அவன் பஞ்சுமிட்டாயைத் தின்று தலைமுடியெல்லாம் ஒட்டவைத்தது எனக்கு அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. கண்ணை மூடி அந்த நாளைக் கொண்டுவந்தேன். அவன் முகம், ரோஸ் நிற உதடு, அழுக்குக் கால். கூட்டம் நெரித்தபோது நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

காலில் வெள்ளை ஷூ இருந்தது.

அந்த ஷூ ஆஸ்டலில் கொடுத்தது. எட்டு வயதில் சிஸ்டர்கள் என்னை ஆஸ்டலில் சேர்த்துக்கொண்டார்கள். திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தேன். எட்வின் பஞ்சுமிட்டாய் தின்றது எனக்கு எதிரே. அவன் உட்கார்ந்திருந்தது வேறொருத்தியின் இடுப்பில்.

அன்று மதியம் என் தங்கை கனியின் வீட்டுக்குப் போனேன். அவள் அதே ஊரில்தான் இருக்கிறாள், மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில். இறால் கம்பெனியில் வேலை. காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டு ஓடு உரிக்க வேண்டும். நான் மாற்றலாகி வந்து ஒன்றரை வருடத்தில் அவள் வீட்டுக்குப் போனது இரண்டு முறை. அவள் மையத்துக்கு வந்ததேயில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். உட்காரச் சொன்னேன். மீன் குழம்பு இருக்கிறது, சாப்பிடு என்றாள். பிறகு கேட்டேன். வாயைத் திறந்தபோது சென்னைத் தமிழ் வரவில்லை.

“ஏட்டி, எட்வின யாரு தூக்கி வளத்தா?”

அவள் சிரித்துவிட்டாள். “இதக் கேக்கவா வெயில்ல வந்த? மொத நீ. ஒன்ன ஆஸ்டல்ல விட்டுட்டு வந்த அன்னைக்கே அம்மா அவன எடுத்து என் ஒக்கல்ல வச்சா. எனக்கு ஆறு வயசு. அவனயும் தூக்கிட்டு ஒண்ணாங்கிளாசுக்குப் போனேன். டீச்சர் ஏத்துக்கிடல. ஒரு வருசம் பள்ளிக்கூடம் போவல.”

இது எனக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். அவள் என்னைவிட மூன்று வகுப்பு கீழே இருந்தாள். வயதில் இரண்டுதான் வித்தியாசம். அந்த ஒரு வருடம் எங்கே போனது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். படி ஏறி இறங்கும்போது இருக்கும், வேலையில் நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்வேன் என்றாள். இடது முழங்கால்தான். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

“மையத்துக்கு ஏன் வரல?”

அவள் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“எங்க கம்பெனியில இருந்து ஏழு பேரு வந்தாவ. எல்லாருக்கும் கோணல்னு எழுதிக் குடுத்துட்டீய. நா வந்தாலும் நீ அதத்தான எழுதணும். ஒன் கையால எழுத ஒனக்குக் கஷ்டமா இருக்கும்லாக்கா. அதான் விட்டுட்டேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவளுக்காக நாலு வாய் தின்றேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை படிவத்தில் பத்து என்பதை எட்டு என்று திருத்தினேன். கீழே மீதிச் சுமை என்று ஒரு கட்டம் சேர்த்து, கனியின் பெயரை எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மீரான் தன் திரையில் அதைப் படிப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. படித்து முடித்து அவன் எழுந்து வெளியே போய், வெகுநேரம் கழித்து வந்தான். டீ வேண்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. தினமும் கேட்பான். பேராசிரியரிடமிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. அந்த அறையில் உன்னை நம்பித்தான் கேட்டேன் என்று அதில் இருந்தது.

வரி மாறியது. நிறுத்து என்பது கேள் என்று ஆனது. மூடிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினார்கள். என்மேல் விசாரணை. அது முடியும்வரை வாசிப்பு நாற்காலியில் உட்காரக் கூடாது, காலையில் இயந்திரத்தைச் சரிபார்த்துக் கொடுப்பது மட்டும் என் வேலை. என் நாற்காலியில் இப்போது மீரான். எடைப் பொம்மையை நான் இடுப்பில் வைத்துத்தான் தூக்குகிறேன். இடது இடுப்பு அதற்காகக் காத்திருந்ததுபோல் தானாக வெளியே தள்ளி இடம் கொடுக்கிறது. இருபத்தைந்து வருடம் நான் அதை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

முத்துப்பேச்சியின் முறை நாலாவது மாதத்தில் வந்தது. அன்றைக்குத்தான் கனியையும் வரச் சொல்லியிருந்தார்கள். தொகுப்பில் என்னுடைய இரண்டு வருடத்துக்குப் பக்கத்தில் வைக்க அவளுடைய எலும்பும் வேண்டும். நானும் அவளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சு நிறைய பெண்கள். பல பேர் கனியின் கம்பெனிக்காரர்கள். நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் மட்டும் விட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் முத்துப்பேச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஆட்டோவிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து என் எதிரே வைத்தார்கள். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு, வாசலில் இருந்த நீல எழுத்தை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, இன்னைக்குப் பேட்மிண்டன் ஆடப் போவலியா?”

பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். என் காது சுட்டது. கனி என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

“நா ஆடவே இல்லக்கா,” என்றேன். “தம்பியத் தூக்குனேன். ரெண்டு வருசம். மிச்சத்த இவ தூக்குனா.”

முத்துப்பேச்சி கனியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனாலும் அவர் கண் அவளுடைய இடுப்பிலும், சாய்ந்த தோளிலும், நீட்டி வைத்திருந்த இடது காலிலும் நின்று நின்று போயிற்று.

“அது தெரியுதே,” என்றார்.

உள்ளேயிருந்து மீரான் கனியின் பெயரைக் கூப்பிட்டான். அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். வலது காலை முதலில் வைத்து, இடது காலைப் பின்னால் இழுத்து, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் ஏறி இறங்க, அந்த நீளமான வராந்தாவில் நடந்து போனாள். முப்பத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் என் தங்கை நடப்பதை நான் பார்த்தேன்.